முதல் பத்து நிமிட வெளிச்சத்தை நம்பாதீர்கள்

ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு, முதல் டைவிங் வாட்ச் வாங்கக் கிளம்பியிருக்கும் தோழர்களுக்கு,



புதுச்சேரியிலோ அந்தமானின் ஹேவ்லாக்கிலோ பயிற்சியை முடித்து, சான்றிதழ் வாங்கிய கையோடு வாட்ச் கடைக்குப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு காட்சி காத்திருக்கிறது. விற்பனையாளர் செல்போன் டார்ச்சை டயலின் மேல் சில விநாடிகள் அடிப்பார். பிறகு உள்ளங்கையைக் குவித்து வாட்ச்சை மூடி, விரல் இடுக்கு வழியாகப் பார்க்கச் சொல்வார். உள்ளே டயல் பச்சையாகவோ நீலமாகவோ தகதகக்கும். அந்த ஒரு பார்வையிலேயே மனம் விழுந்து பணத்தை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய.

டார்ச் அடித்த அடுத்த நொடியில் தகதகப்பது பெரிய காரியமில்லை. விலை குறைந்த வாட்ச்சும் அதைச் செய்யும். வெளிச்சம் போய் மூன்று மணி நேரம் கழித்து, கும்மிருட்டில், நிமிட முள் எங்கே நிற்கிறது என்று ஒரே பார்வையில் சொல்ல முடிகிறதா? டைவிங் வாட்ச்சிடம் கேட்க வேண்டியது இதைத்தான். இந்த மடலும் அதற்காகத்தான்.

ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட இன்று டைவ் கம்ப்யூட்டர் இருக்கிறது. வாட்ச் அதற்குத் துணைதான். ஆனால் கம்ப்யூட்டரின் பேட்டரி நடுவில் செத்துப்போனால், நீருக்குள் எத்தனை நிமிடம் ஆயிற்று, மேலேறும் வழியில் ஐந்து மீட்டரில் நிற்க வேண்டிய மூன்று நிமிடம் முடிந்ததா என்று சொல்ல வேறு ஏதாவது வேண்டும். துணைக் கருவி என்பதாலேயே அது கூடுதல் நம்பகத்தோடு இருக்க வேண்டும். அதைத் திரும்பிப் பார்க்கும் நேரம், ஏற்கெனவே ஒன்று கெட்டுப்போன நேரம் அல்லவா?

இந்தத் தேவையைத் தெளிவாகச் சொன்னவர்கள் பிரெஞ்சு ராணுவத்தின் போர் நீச்சல் வீரர்கள். 1950களின் தொடக்கத்தில் அந்தப் படையை உருவாக்கிய ராபர்ட் மலூபியேவும் கிளோத் ரிஃபோவும் கடைகளில் கிடைத்த வாட்ச்களை நீருக்குள் போட்டுப் பார்த்து, எதுவும் சரிப்படாமல், வேண்டியதைத் தாங்களே வரைந்துகொண்டு கம்பெனி தேடினார்கள். கறுப்பு டயல், பெரிய குறிகள், டயலைச் சுற்றித் திருகக்கூடிய வளையம், எல்லாமே இருட்டில் ஒளிர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சுவிட்சர்லாந்தில் பிளாங்பேன் நிறுவனத்தின் தலைவராக இருந்த ழான் ழாக் ஃபியெஷ்டெர் அதை உடனே புரிந்துகொண்டார். காரணம், அவரே ஒரு டைவர். நீருக்குள் நேரம் போனது தெரியாமல் காற்று தீர்ந்துபோன அனுபவம் அவருக்கு உண்டு. 1953இல் வந்தது ஃபிஃப்டி ஃபாதம்ஸ். பெயரில் உள்ள ஐம்பது பாகம் ஏறக்குறைய 91 மீட்டர். எழுபது ஆண்டுகள் கடந்தும் டைவிங் வாட்ச் என்றால் மனதில் வரும் உருவம் அதுதான்.

அந்த டயல்கள் ஒளிர்ந்தது ரேடியத்தால்.

மேரி கியூரியும் பியேர் கியூரியும் 1898இல் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைத் துத்தநாக சல்ஃபைடோடு கலந்தால், ரேடியத்திலிருந்து பாயும் ஆல்ஃபா துகள்கள் சல்ஃபைடு படிகங்களில் மோதும், ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு மினுக்கு எழும். வெயிலும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், இரவு பகலாக ஒளிரும். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்களுக்கு இது வரமாகத் தெரிந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்ற ஊரில் ‘அன்டார்க்’ என்ற பெயரில் இந்தப் பூச்சு தயாரானது. டயல்களில் அதைத் தீட்டும் வேலைக்கு இளம்பெண்களை எடுத்தார்கள். எண்கள் மெல்லியவை, தூரிகை முனை விரிந்துவிடும். முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வாய்க்குள் போனது.

ரேடியம் வேதியியலில் கால்சியத்தின் உறவுக்காரன். உடம்பு அதைக் கால்சியம் என்று எடுத்துக்கொண்டு எலும்பில் சேர்த்துவிடும். பற்கள் விழுந்தன, தாடை எலும்பு அரித்தது, முதுகெலும்பு நொறுங்கியது. கிரேஸ் ஃபிரையர் என்ற பெண் வழக்குப் போட முன்வந்து, எடுத்து நடத்தும் வழக்கறிஞரைத் தேடுவதிலேயே வெகுகாலம் கழிந்தது. அவரையும் சேர்த்து ஐந்து பெண்கள் நின்றார்கள். 1928இல் சமரசமாக ஆளுக்கு 10,000 டாலரும், ஆண்டுக்கு 600 டாலர் உதவித்தொகையும், மருத்துவச் செலவும் கிடைத்தன. இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகரில் இதே வேலை செய்த கேத்தரின் டோனஹியூ, 1938இல் படுத்த படுக்கையாகவே சாட்சி சொல்லித் தன் வழக்கை வென்றார். அதே ஆண்டு இறந்தும் போனார். தொழிலாளரின் உடல்நலத்துக்கு முதலாளி பொறுப்பு என்பதைச் சட்டம் ஏற்க, இந்தப் பெண்களின் வழக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒளிரும் டயலைக் கையில் கட்டும் எவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர்கள் இவை.

பழைய வாட்ச்களின் மேல் ஆசை உள்ளவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. ரேடியம்-226இன் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். ஆனால் அதன் அடியைத் தாங்கி ஒளிர்ந்த துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளிலேயே கருகிப்போகும். ஆகவே ஒளி செத்துவிட்ட 1940களின் வாட்ச், கதிர்வீச்சில் இன்னும் கிட்டத்தட்டப் புதிது. இருட்டில் ஒளிரவில்லை, பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட வாட்ச்சை வீட்டில் திறக்கக் கூடாது. உதிரும் பூச்சைச் சுரண்டவும் ஊதவும் கூடாது. மூடிய பெட்டிக்குள் ரேடான் வாயு சேர்வதால், அவற்றை நிறையச் சேர்த்து வைப்பவர்கள் காற்றோட்டம் இல்லாத அறையில் வைக்கக் கூடாது. புது வாட்ச் வாங்குவோருக்கு இந்தக் கவலை இல்லை. சில கடைகளில் பழக்கத்தால் எந்த ஒளிர்வையும் ரேடியம் என்று சொல்வார்கள். இன்று கடையில் விற்கும் டைவிங் வாட்ச் எதிலும் ரேடியம் கிடையாது.

ரேடியத்துக்குப் பின் கதிர்வீச்சு குறைந்த பொருள்களுக்கு மாறினார்கள். அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்த டோர்னெக்-ரேவில் வாட்ச்சில் புரோமீதியம்-147 இருந்தது. கண்டெடுப்பவர் அருகிலுள்ள ராணுவ நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அதன் பின்மூடியிலேயே பொறித்திருந்தார்கள். அதன் அரை ஆயுள் இரண்டரை ஆண்டு சொச்சம்தான், சீக்கிரமே மங்கிவிட்டது. 1960களிலிருந்து 1990களின் இறுதிவரை பெரும்பாலும் டிரிடியம் ஆண்டது. டயலின் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லுக்கு இருபுறமும் டி என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் அது டிரிடியப் பூச்சு. அதன் பீட்டா துகள்களுக்கு மனிதத் தோலைத் துளைக்கும் வலு இல்லை. அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் அந்த டயல்களும் இன்று அணைந்துபோய், பழுப்பேறி நிற்கின்றன.

மாற்றம் டோக்கியோவிலிருந்து வந்தது. 1941இல் தொடங்கிய நெமோட்டோ நிறுவனம் ஒளிரும் பூச்சுகளையே தொழிலாகக் கொண்டது. கதிரியக்கப் பொருள் எதுவுமே இல்லாமல் விடியும்வரை ஒளிரும் பூச்சு வேண்டும் என்று அவர்கள் முயன்றதன் பலன், 1993இல் வந்த லூமிநோவா. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற படிகத்தில் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் துளியளவு சேர்ந்தது அது. பெயரில் ஸ்ட்ரான்ஷியம் இருப்பதால் அஞ்ச வேண்டாம், இது கதிர்வீசாத சாதாரண ஸ்ட்ரான்ஷியம். பழைய துத்தநாக சல்ஃபைடைவிடப் பத்து மடங்கு பிரகாசம், பத்து மடங்கு நேரம் என்பது அதன் பெருமை. 1998இல் சுவிட்சர்லாந்தின் ஆர்சி டிரைடெக் நிறுவனம் நெமோட்டோவுடன் கூட்டுச் சேர்ந்தது. சுவிஸ் வாட்ச்களில் இன்று காணும் சூப்பர்-லூமிநோவா அந்த வழியில் வந்தது. செய்கோவின் லூமிபிரைட்டும் இதே அலுமினேட் குடும்பம்தான்.

இது ஒளிரும் விதத்தைப் புரிந்துகொண்டால் கடைக்காட்சியின் மயக்கம் தானே தெளிந்துவிடும். ஒளி படும்போது யூரோப்பியத்திலிருந்து எலெக்ட்ரான் ஒன்று கிளம்புகிறது. அது உடனே திரும்பிவிட்டால் ஒளிர்வும் அப்போதே முடிந்துவிடும். படிகத்துக்குள் பொறிகள் இருக்கின்றன, டிஸ்ப்ரோசியம் அவற்றைப் பெருக்குகிறது. கிளம்பிய எலெக்ட்ரான்கள் அவற்றில் மாட்டிக்கொள்கின்றன. சுற்றியுள்ள வெப்பமே அவற்றை ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. விடுபட்டது யூரோப்பியத்திடம் திரும்பும்போது அந்த ஆற்றல் பச்சை ஒளியாகிறது. மழை விட்டும் தூவானம் விடாததைப் போல, விளக்கு அணைந்த பிறகும் ஒளி கசிந்துகொண்டே இருக்கிறது. எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் இதில் எதுவும் தீர்ந்துபோவதில்லை.

எளிதில் விடுபடும் எலெக்ட்ரான்கள் முதலில் கொட்டிவிடும். ஆழமாக மாட்டியவை மணிக்கணக்கில் காத்திருக்கும். அதனால் ஒளிர்வு சீராகக் குறைவதில்லை. தொடக்கத்தில் சடசடவென இறங்கி, பிறகு மிக மெதுவாகத் தேய்கிறது. ஏறக்குறைய, நேரம் பத்து மடங்கானால் ஒளி பத்தில் ஒரு பங்காகிறது. முதல் நிமிடத்தில் கண்ட ஒளியில் பத்தாவது நிமிடத்தில் பத்தில் ஒன்றும், நூறாவது நிமிடத்தில் நூறில் ஒன்றும் மிஞ்சும். விற்பனையாளர் உள்ளங்கைக்குள் காட்டியது இந்தச் சரிவின் உச்சியை. நீங்கள் வாழப்போவது அதன் நீண்ட வாலில்.

நூறில் ஒன்று என்றதும் மனம் தளர வேண்டாம். ஒளி இறங்கும்போதே கண் ஏறுகிறது. இருட்டுக்கு முழுதாகப் பழக விழித்திரைக்கு அரை மணி நேரம் போல ஆகும். அதற்குள் நிறம் காணும் கூம்புச் செல்கள் ஒதுங்கி, மங்கல் ஒளிக்கான கோல் செல்கள் பொறுப்பேற்றுக்கொள்கின்றன. இந்தச் செல்களின் உணர்திறன் 507 நேனோமீட்டர் அருகே, நீலம் கலந்த பச்சையில், உச்சத்தில் இருக்கிறது. பச்சையாக ஒளிரும் சி3 வகை சூப்பர்-லூமிநோவா 520 நேனோமீட்டரை ஒட்டியது. நீலமாக ஒளிரும் பிஜிடபிள்யூ9 வகை 490க்கு அருகில். கடையில் பச்சை அள்ளிக்கொண்டு போகும். நள்ளிரவில் இரண்டுக்கும் இடைவெளி சுருங்கிவிடும். நிறத்தை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பழமைத் தோற்றத்துக்காகப் பழுப்பு வண்ணம் சேர்த்த லூம் (ஒளிரும் பூச்சு), அந்த வண்ணத்தாலேயே ஒளியில் கொஞ்சம் இழக்கிறது. டைவிங்குக்கு அது வேண்டாம்.

கோல் செல்களுக்கு ஒரு குறை உண்டு. அவற்றால் நுணுக்கமாகப் படிக்க முடியாது. விழித்திரையின் நட்டநடுவில் அவை இல்லவே இல்லை. மங்கிய டயலை நேராக உற்றுப் பார்த்தால் மறைவதும், சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிவதும் இதனால்தான். டைவிங் வாட்ச் தேர்வில் எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி இது என்று இந்த மடல் அழுத்திச் சொல்கிறது. நான்காவது மணி நேரத்தில் உங்கள் கண்ணுக்கு எட்டுவது எண்கள் அல்ல, உருவங்கள். மெல்லிய முள்ளில் உலகத்தின் சிறந்த பூச்சைத் தடவினாலும் பயனில்லை. அகன்ற முள், பெரிய குறிகள், தடிமனாக ஏற்றிய பூச்சு, இவைதான் இருட்டில் கை கொடுக்கும்.

செய்கோ எஸ்கேஎக்ஸ்007 வாட்ச்சின் டயலைப் பாருங்கள். 12இல் முக்கோணம், 6இலும் 9இலும் நீளக் கட்டை, மற்ற மணிகளில் பெரும்பாலும் பெரிய வட்டம். கை எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் மேல் எது, கீழ் எது என்று உருவங்களே சொல்லிவிடும். ரோலெக்ஸ் சப்மரைனரிலும் இதே இலக்கணம். ஒமேகா தன் பிளானட் ஓஷன் வாட்ச்சில் இன்னொரு படி போயிருக்கிறது. டயல் முழுக்க நீலம், நிமிட முள்ளும் வளையத்தின் பூஜ்யப் புள்ளியும் மட்டும் பச்சை. நீருக்குள் இருப்பவருக்கு மணி முள் அநாவசியம். பச்சைக்கும் பச்சைக்கும் இடையிலுள்ள தூரம்தான் கழிந்த நிமிடம். டயல் வடிவமைப்பில் இதைவிடக் கருணையான யோசனை அரிது.

இந்தத் தேவைகளுக்கெல்லாம் ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது: ஐஎஸ்ஓ 6425. அது 2018இல் திருத்தப்பட்டது. குறைந்தது 100 மீட்டர், அதுவும் பொறித்த ஆழத்தைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் சோதனை. இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேரமும், வளையத்தின் குறியும், வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். மூன்றாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. நின்றுபோன வாட்ச்சும் அழகாகத்தான் ஒளிரும். அதனால் விநாடி முள்ளில் ஒரு ஒளிப்பொட்டு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வளையம் ஒரு பக்கமே திரும்புவதற்கும் காரணம் உண்டு. எதிலாவது இடித்துத் தவறி நகர்ந்தால், கழிந்த நேரம் கூடுதலாகத்தான் தெரியும். டைவர் சீக்கிரம் மேலே வருவார், தாமதமாக அல்ல.

இந்தத் தரத்தைத் தொட்ட செய்கோ, சிட்டிசன் வாட்ச்களின் டயலில் 200 மீட்டரோடு ‘டைவர்ஸ்’ என்ற சொல்லும் இருக்கும். ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று மட்டும் இருந்தால் அது வேறு வகை. கேசியோவின் எம்டிவி-106 அப்படிப்பட்டது. நீச்சலுக்கும் கடற்கரைக்கும் அருமையான வாட்ச், விலையும் எட்டும் தூரத்தில். இரவு டைவுக்குத் துணை என்று வரும்போது, ‘டைவர்ஸ்’ என்ற சொல் இருப்பதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு சிட்டிசன் புரோமாஸ்டர் வகை பொருத்தமாக இருக்கும். ஒளியில் மின்னேற்றிக்கொள்வதால் பேட்டரி மாற்ற அடிக்கடி திறக்க வேண்டியதில்லை. குறிகளும் பெரியவை.

டிரிடியம் முற்றிலும் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூச்சாக அல்லாமல், மயிரிழைக் கண்ணாடிக் குழாய்க்குள் வாயுவாக அடைத்து, குழாயின் உட்சுவரில் ஒளிரும் பொடியைப் பூசி, லேசரால் மூடிவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் எம்பி-மைக்ரோடெக் இதில் பெயர் பெற்றது. டிரேசர், லூமினாக்ஸ், பால் வாட்ச்களில் இந்தக் குழாய்களைக் காணலாம். டார்ச் அடித்த லூமுக்குப் பக்கத்தில் வைத்தால் இவை சோனியாகத் தெரியும். ஆனால் மாலை ஆறுக்கு எப்படியோ அப்படியேதான் காலை ஐந்துக்கும் இருக்கும். அலமாரியில் பல நாள் கிடந்தாலும் மாற்றமில்லை. 12 ஆண்டில் பாதியாகும், 25 ஆண்டில் கால்வாசியாகும், அவ்வளவுதான். முழுக்கைச் சட்டைக்குள் நாள் முழுதும் வாட்ச்சை மறைத்து வைத்திருப்பவர்களுக்கும், விடியலுக்கு முன் வேலைக்குக் கிளம்புபவர்களுக்கும் இதுவே சரி. விற்பனை விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் விசாரியுங்கள்.

அலுமினேட் லூமுக்கு ஒளி ஏற்றுவதிலும் கொஞ்சம் கைப்பக்குவம் தேவை. அதை ஏற்றுவது நீலமும் புற ஊதாவும். சிவப்பு ஒளியால் ஒன்றும் நடக்காது, மஞ்சள் குண்டு பல்பு மந்தம். 500 லக்ஸுக்கு மேற்பட்ட வெளிச்சத்தில் பத்து நிமிடம் வைத்தால் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் என்பது செய்கோ தன் கையேட்டில் சொல்லும் கணக்கு. வெயிலில் படகில் உட்கார்ந்திருக்கும்போது வெட் சூட்டின் கையை மடித்து வாட்ச்சுக்கு வெளிச்சம் காட்டினாலே போதும். இரவு டைவில் உங்கள் டார்ச்சின் வெள்ளை எல்இடியே நல்ல ஏற்றி. இறங்கும் முன் அரை நிமிடம், இடையிடையே சில விநாடிகள். பிறகு டார்ச் அணைந்தாலும் டயல் உங்களோடு இருக்கும். குளிர்ந்த நீரில் லூம் சற்று மங்கலாகத் தெரிந்தால் அது பழுதல்ல. வெப்பம் குறைந்ததால் எலெக்ட்ரான்கள் தயங்கி வெளிவருகின்றன. அந்த மங்கலுக்கு ஈடாக அது கூடுதல் நேரம் நீடிக்கும்.

இன்னொன்று, இது நீருக்குள் மட்டுமே தெரியவரும். வாட்ச்சைச் சாய்வாகப் பார்த்தால் டயல் மறைந்து கண்ணாடி ஆடியாக மாறிவிடும். தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் காற்று இருப்பதால், நேர்ப்பார்வையிலிருந்து 49 பாகையளவு விலகியதுமே முழு எதிரொளிப்பு நடக்கிறது. ஜெர்மனியின் சின் நிறுவனம் இதற்காகவே தன் யுஎக்ஸ் வாட்ச்சுக்குள் எண்ணெய் நிரப்பி விற்கிறது. மற்றவர்கள் மணிக்கட்டை முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும்.

ஆக, கடைக்குப் போகும்போது டார்ச் காட்சியை மரியாதைக்குப் பார்த்துவிட்டு வாட்ச்சைக் கையில் வாங்குங்கள். நிமிட முள் மணி முள்ளிலிருந்து உருவத்தால் வேறுபடுகிறதா, வளையத்தின் பூஜ்யத்தில் ஒளிப்பொட்டு இருக்கிறதா, விநாடி முள்ளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரக்கையாலும் கையுறை போட்ட கையாலும் வளையத்தைத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். திருப்பித் தரும் வசதி உள்ள கடையானால், அன்றிரவே வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் பத்து நிமிடம் காட்டிவிட்டு, இரவு எட்டு மணிக்கு ஓர் இருட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். பதினொன்றரைக்கு அறையின் விளக்கையெல்லாம் அணைத்து, கண் பழகும்வரை பொறுத்து, பிறகு எடுத்துப் பாருங்கள். கையை நீட்டிய தூரத்தில் நிமிடத்தைப் படிக்க முடிந்தால் வாட்ச் உங்களுடையது. தடுமாறினால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு அலுமினேட் பூச்சுக்கு இருக்கும் பெரிய எதிரி ஈரம். தண்ணீர் பட்டால் அந்தப் படிகம் சிதைந்து ஒளியை இழக்கும். அதைக் காப்பது பின்மூடியிலும் திருகு குமிழிலும் உள்ள ரப்பர் வளையங்கள்தான். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், நீருக்குள் குமிழைத் தொடாதீர்கள். பேட்டரி மாற்றவோ பழுது பார்க்கவோ எங்கே திறந்தாலும், ரப்பர் வளையத்தை மாற்றி அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். அந்தக் கருவி இல்லாத கடையில் டைவிங் வாட்ச்சைத் திறக்க விடாதீர்கள்.

அன்புடன்,
கடிகாரங்களையும் கடலையும் நேசிக்கும் ஒருவர்